ஈயத்துக்கு ஒரு பங்கு

சண்முகநாதன் அண்ணையை அவர் வேலை செய்த கந்தோர்தான் கொழும்புக்கு அனுப்பியது, ஒரு பயிற்சிக்காக. ஆனால் வீட்டில் அந்தப் பயணத்துக்குப் பெயர் ஸ்திரிக்கைப் பெட்டி. அவருடைய மனைவி அருந்ததி அக்கா பாடசாலையில் படிப்பிக்கிறவர். கரி போட்டுத் தேய்க்கிற பழைய பெட்டியிலிருந்து பொறி பறந்து, அவருடைய நல்ல சேலைகளில் ஓட்டை விழுந்திருந்தது. "கறண்டிலை வேலை செய்யிறது ஒண்டு பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லித்தான் ரயிலேற்றினார். அது 1986.

அண்ணை படவரைஞர். மதகு, கிணறு, பாடசாலைக் கட்டடம் என்று நாள் முழுக்கக் கோடு கீறுகிற வேலை. மெல்லிய கோட்டைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. பயிற்சி முடிந்த மறுநாள் ஸ்திரிக்கைப் பெட்டி வாங்கப் போன வழியில், ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் அந்தப் பெட்டியைக் கண்டார். மூடியில் ஒரு யுத்தப் படம். ஒரு பக்கம் நீண்ட காதுடைய, உயரமான வில்லாளிகள். மறுபக்கம் வாய்க்கு வெளியே கொம்புப் பல் தெரியும் பூதங்கள். உள்ளே ஈயத்தில் வார்த்த உருவங்கள், ஒவ்வொன்றும் விரலின் ஒரு கணு அளவு. இடுப்புப் பட்டியின் கொளுக்கிகூடத் தெரிந்ததாம்.

"இது சின்னப் பிள்ளையளுக்கு இல்லை சேர்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "பெரிய ஆக்கள் மேசையிலை வைச்சு விளையாடுறது. புத்தகம் படிக்க வேணும். ரெண்டு பேர் வேணும்."

அண்ணை வெளியே வந்தார். மின்சாரச் சாமான் கடை வரைக்கும் நடந்தார். தான் சிகரெட் பிடிப்பதில்லை, படம் பார்ப்பதில்லை, கந்தோர் ஆட்களோடு போத்தல் வாங்கிப் பங்கு போடுவதில்லை என்று தனக்குத்தானே வழக்குப் பேசினார். அடுத்த முறை வரும்போது ஸ்திரிக்கைப் பெட்டி வாங்கலாம், அது எந்தக் கடையிலும் இருக்கும், இது இருக்காது. வழக்கை வென்றுவிட்டுத் திரும்பிப் போய் யுத்தத்தை வாங்கினார்.

கொக்குவிலில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அருந்ததி அக்கா பெட்டியைத் திறந்தார். உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உதிலை எங்கை வயர் கொழுவிறது?"

சண்டை பிடித்திருந்தால் அண்ணைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாள் காலை குசினிப் பக்கம் கரிக்கு விசிறி அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். "சாமான் நல்ல சாமான் தம்பி. வாங்கினவன்தான் பிழையான ஆள்" என்று பிற்காலத்தில் எனக்குச் சொன்னார்.

உருவங்கள் வெறும் ஈய நிறத்தில் இருந்தன. பெயின்ற் நாமே அடிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்போதுதான் கனிசியஸின் ஞாபகம் அவருக்கு வந்தது. கனிசியஸ் குருநகர்க் கடற்றொழிலாளி. தொழில் இல்லாத நாட்களில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவார், முன்பக்க அணியத்தில் மாதா படம் கீறுவார். கந்தோருக்கும் ஒருமுறை பெயர்ப்பலகை எழுத வந்திருந்தார். மிஞ்சிய இனாமல் பெயின்ற் கொஞ்சம் கேட்டு அண்ணை அவருடைய வீட்டுக்குப் போனார். மாதிரிக்கு ஒரு குதிரைவீரனைச் சேட்டுப் பையில் கொண்டுபோனார்.

கனிசியஸ் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஐசே, எறும்புக்குப் பெயின்ற் அடிக்கவோ கூப்பிட்டனீர்?"

"ஏலாதெண்டால் விடும்."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? உவன்ரை கண்ணுக்கு முழி வைக்கட்டோ, சும்மா கறுப்புப் புள்ளி காணுமோ?"

முழி வைத்தார். தூரிகையை ஒரு மயிர் மிஞ்சும்வரை வெட்டி, மாரிகாலம் முழுக்க இருந்து எல்லாவற்றுக்கும் முழி வைத்தார். வில்லாளிகளின் அங்கியில் பூ வேலை. பூதங்களின் தோலுக்கு வள்ளத்தின் அடியில் பூசுகிற பச்சை. அவர் அடித்துத் தந்த நாளில் அருந்ததி அக்காகூட ஒரு குதிரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கனிசியஸ் அண்ணை, உங்களுக்குக் கண் பழுதாகப் போகுது" என்று சொல்லி அவருக்கு இரண்டாவது தேத்தண்ணி வைத்தார்.

விளையாட இரண்டு பேர் வேண்டும் என்றால் வேறு யாரைத் தேடுவது? ஞாயிறு பூசை முடிந்து கனிசியஸ் சைக்கிளில் கொக்குவிலுக்கு வருவார். மேசையில் அருந்ததி அக்காவின் பழைய பச்சைச் சேலை விரிக்கப்படும். அதன் கீழே சிரட்டைகள் வைத்தால் மலை. அண்ணையின் அளவுகோலால் அளந்து படைகளை நகர்த்துவார்கள். அடிபட்டதா தப்பியதா என்று தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். முதல் நாளிலேயே வில்லாளிகளைத் தன் பக்கம் அடுக்கிவிட்டு, பூதங்களை அண்ணை மற்றப் பக்கம் தள்ளினார்.

"ஓகோ. தேவர் உமக்கு, பேய் எனக்கோ?" என்றார் கனிசியஸ்.

"சாமான் என்ரையெல்லோ."

"சரி சரி. பேய்க்கும் ஆரோ ஒருத்தன் வேணுந்தானே."

படையில் கால்வாசி விழுந்தால் மிச்சம் பேர் பயந்து ஓடுகிறார்களா என்று கட்டை உருட்ட வேண்டும் என்பது புத்தகத்தின் சட்டம். கனிசியஸ் அதை ஒருநாளும் ஏற்கவில்லை. "என்ரை ஆக்கள் ஓட மாட்டினம். குருநகரிலை வளந்தவங்கள். நீர் உம்மடை வில்லுக்காரருக்கு உருட்டும்." கட்டை அவருக்கு எதிராக விழுந்தால், ஓடுகிற பூதங்களை மேசை ஓரத்தில் அடுக்கி வைத்து அவற்றைப் பெயர் சொல்லித் திட்டுவார். எல்லாம் அவருடைய சகலைமாரின் பெயர்கள். ஊரடங்கு போட்ட நாட்களில் அங்கேயே படுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு வருடம் இப்படி ஓடியது. இந்த உலகத்தில் அந்தப் பெட்டி தகுமா தகாதா என்று அந்த வருடங்களில் அண்ணையிடம் கேட்டிருந்தால், தகும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆமி இருந்த கோட்டையைச் சுற்றி இருந்த சனம் முழுக்க எழும்பியது. அண்ணையும் அக்காவும் மீசாலைக்கு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவிலிருந்த அண்ணையின் தகப்பன் வீட்டுக்கு வந்தார்கள். கனிசியஸ் மனைவி லூர்த்தம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கச்சாய்க் கரைக்குப் போய் ஒரு கொட்டில் போட்டார். வள்ளம் போய்விட்டது. இருந்திருந்தாலும் கடற்படை அதைக் கடலில் இறக்க விடாது. ஆழமில்லாத பரவைக்கடலில் நடந்து வீச்சுவலை எறிவதுதான் மிஞ்சிய தொழில். அதற்கும் வலை இல்லை.

வலையை அவர் தானே பின்னினார். யார் யாரிடமோ நூல் வாங்கி, பழைய வலைகளைப் பிரித்து, மாதக்கணக்கில் பின்னி முடித்தார். விளிம்பு முழுக்கக் கோக்க ஈயக் குண்டு வேண்டும். வீச்சுவலை விரிந்து விழுந்து, மீன் நழுவுகிறதற்குள் தரையைத் தொட வேண்டும். ஈயம்தான் அதைக் கீழே இழுக்கும். அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்ட பிறகு கடைகளில் ஈயம் கிடையாது. பழைய பற்றரி உடைத்து எடுத்ததும் எப்போதோ முடிந்துவிட்டது. களிமண்ணை உருட்டிச் சுட்டுக் கட்டிப் பார்த்தார். அது தண்ணீரில் ஊறிக் கரைந்து போனது.

ஒரு நாள் சைக்கிளில் மீசாலைக்கு வந்தார். அருந்ததி அக்கா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்தார். அந்த வீட்டில் வேறு மேசை இல்லாததால் கனிசியஸ் கோப்பையைப் பக்கத்திலிருந்த தகர ரங்குப் பெட்டியின் மேல் வைத்தார். இரண்டு படையும் அதற்குள்தான் இருந்தன.

"எங்கையாவது ஈயம் கிடக்கோ ஐசே? பழைய பைப், பற்றரி, என்னெண்டாலும்."

"பாப்பம். விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார் அண்ணை.

கனிசியஸ் கோப்பையை எடுத்துக் குடித்து முடித்தார். ரங்குப் பெட்டியில் தேத்தண்ணி வட்டமாகப் படிந்திருந்தது. அதைக் கைநுனியால் துடைத்துவிட்டு, "போட்டு வாறன்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குள் இருக்கிற சாமானை அவரிடமே பெயர் சொல்லிக் கேட்பதில்லை. தேவையைச் சொல்லலாம். சாமானை வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும்.

அண்ணை அந்தக் கிழமை முழுக்கத் தன்னோடு வழக்குப் பேசினார். கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார். பூதங்களைக் கொடுப்பது. பூதங்கள் பருமன், ஈயம் கூட. அதோடு, அது கனிசியஸின் படைதானே. அவருக்கே போய்ச் சேர்வதுதானே நியாயம்? அண்ணை தோட்டக்காரனின் மகன். பாதித் தண்ணீர் இறைத்தால் பயிர் பாதியாவது வரும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. வலையும் அப்படித்தான் என்று நினைத்தார்.

பூதங்களை உமலில், அந்தப் பனையோலைப் பையில், கட்டிக்கொண்டு கச்சாய்க்குப் போனார். கனிசியஸ் உமலுக்குள் கையை விட்டு அளைந்தார்.

"எல்லாம் என்ரை ஆக்கள்" என்றார்.

அண்ணை உமல் கட்டிய கயிற்றைச் சுருட்டினார்.

"சரி, வாங்கோடா பிள்ளையள். உங்களுக்கு எங்கை போனாலும் வேலைதான்."

அடுத்த கிழமை கனிசியஸ் மீனோடு வந்தார். பனையோலையில் கோத்த நாலைந்து மணலை. அருந்ததி அக்கா காசு எடுக்கப் போக, அவர் தடுத்தார். "தங்கச்சி, உது விக்கிற மீன் இல்லை. எங்கடை ஆக்களிலை வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. ஈயம் சண்முகத்தின்ரை. ஈயத்துக்கும் பங்கு இருக்கு." பிறகு கிழமை தவறாமல் வந்தது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான காலம். அண்ணை சாப்பிட்டார்.

அந்த நாட்களில்தான் நான் பட்டம் முடித்து ஊருக்கு வந்தேன். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். ஆகவே எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு ஆங்கிலத்தில் என்ன கடதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் பெருமைதான், புளுகம்தான். அண்ணை ஒருநாள் மாலை தடித்த புத்தகம் ஒன்றோடு வேலியடியில் நின்றார்.

"தம்பி, இதிலை தனிய விளையாட வழி ஏதும் எழுதியிருக்கோ எண்டு பாத்துச் சொல்லும். என்ரை இங்கிலீசு அவ்வளவு காணாது."

அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடக் காணும் என்பது வாசிக்கத் தொடங்கியதும் விளங்கியது. ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதியிருந்த மொழிபெயர்ப்புகள் அச்சு எழுத்துப்போல இருந்தன. அவருக்கு வேண்டியிருந்தது இன்னொரு ஆளின் கண். புத்தகத்தில் மலை ஏறச் சட்டம் இருந்தது, ஆறு கடக்கச் சட்டம் இருந்தது. எதிராளி இல்லாமல் விளையாட ஒன்றும் இருக்கவில்லை. சொன்னேன்.

"இல்லையோ?"

"இல்லை அண்ணை. மற்றப் படை எங்கை?"

அப்போதுதான் வேலியில் கையை வைத்தபடி முழுவதையும் சொன்னார். சொல்லி முடிய, "பாதி குடுத்திட்டன்தானே" என்றார். நான் பதில் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வலையைப் பற்றி லூர்த்தம்மாவுக்குத் தெரியும். அவர் சாவகச்சேரிச் சந்தையில் அருந்ததி அக்காவைக் கண்டு சொன்னது இதுதான்: வட்டம் முழுக்கக் கோக்க வேண்டிய ஈயத்தில் பாதிதான் இருந்ததால், குண்டுகளை இடைவெளி விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறார் கனிசியஸ். வலை மிதந்து மிதந்து இறங்குகிறது. அது தரையைத் தொடுவதற்குள் பெரிய மீன் எல்லாம் கீழால் போய்விடுகிறது. பாதி ஈயத்துக்குப் பாதி மீன் இல்லை. ஆழத்தில் எறிந்து பயனில்லாமல், முழங்கால் தண்ணீரில் பொழுது சாயும்வரை எறிந்து எறிந்து பொடி மீன் கொண்டு வருகிறார். தோள்மூட்டு வீங்கியிருக்கிறது. அதில் தப்பித் தவறி அகப்படுகிற பெரிதுகளைத்தான் தெரிந்தெடுத்து ஓலையில் கோத்து மீசாலைக்குக் கொண்டு வருகிறார்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்பதை அக்காவே பிறகு என் அம்மாவுக்குச் சொன்னார்.

"லூர்த்தம்மாவைக் கண்டனான். பிள்ளையளுக்குச் சொதிக்குள்ளை போடவும் மீன் காணாதாம்."

"ஏன், அவர் கொண்டு வாறார்தானே."

"இஞ்சை கொண்டு வாறார்."

அண்ணை சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அவருக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?" என்றார் அக்கா.

"எது?"

"எது எண்டு என்னட்டைக் கேளுங்கோ." ரங்குப் பெட்டியை நாடியால் காட்டினார். "அந்தக் குதிரையள் எல்லாத்துக்கும் கண் வைச்சது அந்தாள்தானே."

"அதையும் குடுத்தால், பேந்து நிலைமை சரிவந்து விளையாட எண்டு…"

"ஆரோடை?"

ஸ்திரிக்கைப் பெட்டிக் காலத்திலிருந்து அருந்ததி அக்கா அவரிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான். அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார்.

மறுநாள் காலை "துணைக்கு வாறீரோ தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார். ரங்குப் பெட்டியிலிருந்து வில்லாளிகளையும் குதிரைகளையும் உமலில் போடும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு தன்னிலேயே கோபம் வந்தவர்போல மிச்சத்தைப் பெட்டியோடு கவிழ்த்துக் கொட்டினார்.

கனிசியஸ் கொட்டில் வாசலில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணை உமலை அவர் முன்னால் வைத்தார். அவர் ஒரு குதிரைவீரனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவையளையும் கொண்டந்திட்டீர்."

"முதலே கொண்டு வந்திருக்க வேணும்."

"ஓம்" என்றார் கனிசியஸ்.

அண்ணை நின்றுகொண்டே இருந்தார். 'பரவாயில்லை' என்ற சொல்லுக்காக நிற்கிறார் என்று எனக்கே தெரிந்தது. கனிசியஸுக்கும் தெரிந்திருக்கும். அவர் எழும்பி உள்ளே போய் ஒரு பழைய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து மூன்று கல்லில் ஏற்றினார்.

"சிரட்டையை அடுக்கி நெருப்பை மூட்டும். தம்பி, நீர் காத்துக்கு இந்தப் பக்கம் நில்லும். பெயின்ற் எரியேக்கை மணக்கும்."

மணந்தது. முதலில் பூ வேலை கருகியது. பிறகு முகங்கள். ஈட்டிகள் வளைந்தன. குதிரைகள் கொஞ்ச நேரம் நின்றபடியே நின்று, பிறகு ஒரேயடியாக இளகி உட்கார்ந்தன. அண்ணை கண்ணை எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தார். கனிசியஸ் மேலே மிதந்த கரியை அகப்பையால் வழித்து எறிந்துவிட்டு, ஈர மண்ணில் விரலால் கீறிய வாய்க்கால்களில் ஈயத்தை வார்த்தார். ஆறிய கம்பிகளை வெட்டிச் சுருட்டி, லூர்த்தம்மாவும் அவரும் ஆளுக்கொரு பக்கமாக வலை விளிம்பில் கட்டினார்கள். மத்தியானம் திரும்பிவிட்டது. அண்ணைக்கு அந்தக் கட்டுத் தெரியாது. வெட்டின கம்பியை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பின்னேரம் கனிசியஸ் இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். வலை வட்டமாக விரிந்து, விழுந்த சத்தம் கேட்கிறதற்குள் மறைந்தது. முதல் எறியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் திரளி மீன் துள்ளியது. பொழுது இறங்கும்போது கரையில் பாயில் கொட்டிய மீனைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கனிசியஸ் மீனைப் பிரித்தார். ஒரு பகுதியை ஓலையில் கோத்து அண்ணையிடம் நீட்டினார். முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு.

"வேண்டாம் கனிசியஸ். பிள்ளையளுக்குக் குடும்."

"பிள்ளையளுக்கு இருக்கு."

"நான் இனி எடுக்கிறது சரியில்லை."

கனிசியஸ் நீட்டின கையை மடக்கவில்லை.

"இஞ்சை பாரும் சண்முகம். நீர் வேண்டாமெண்டால் உமக்கு லேசாய்ப் போகும். எனக்கு? அந்த வலை உம்மடை வலையாய்க் கிடக்கும். எறியிற நேரமெல்லாம் நீர் பாவம் பாத்துத் தந்ததை எறியிறன் எண்டு நினைக்க வேணும். பங்கை எடும். எடுத்தால் வலை என்ரை."

அண்ணை வாங்கிக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி, செவ்வாயில் அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. ஓலைக் கோவையோடு படலையைத் திறந்து வந்த புருஷனை அருந்ததி அக்கா பார்த்தார். வளவில் கல் வைத்து, வேறு சட்டி எடுத்துச் சமைத்தார். எனக்கும் ஒரு கோப்பையில் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அண்ணை குனிந்த தலை நிமிராமல், ஒரு முள்ளிலும் சதை மிஞ்சாமல் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.